பதினெட்டாம் குழிக்கு ஒரு வாக்கு

மறியலில், அதாவது சிறையில், இருந்த பதினைந்து மாதத்தில் பஸ்ரியனைத் தேடி மூன்றே மூன்றுதான் வந்தன. ஒன்று மகள் ஸ்டெபனி. இரண்டாவது மறியல்சாலைப் பாதிரியார். மூன்றாவது கனடா மத்திய தேர்தலின் வாக்குப்பெட்டி.

பெட்டியைக் கொண்டுவந்தவள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. மடக்கு மேசையை விரித்து, நாலு பென்சிலை வரிசையாக வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்தவர் வரலாம் என்றாள். பஸ்ரியனுக்கு முன்னால் நின்றவன் மருந்துக்கடை உடைத்தவன். பின்னால் நின்றவன் என்ன செய்தவன் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கிழவியும் கேட்கவில்லை. பெயர் கேட்டாள், முந்தி இருந்த வீட்டு முகவரி கேட்டாள், ஒரு தாளைத் தந்தாள். பஸ்ரியன் ஒரு வேட்பாளரின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி மடித்துப் பெட்டிக்குள் போட்டார். "தாங்க்யூ, சேர்" என்றாள் கிழவி. முப்பது வருடம் அந்த நாட்டு வீடுகளுக்குக் கூரை போட்ட மனுசனை அதுவரை ஒருவரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. அதற்கு மறியலுக்குப் போகவேண்டி இருந்தது.

ஆக, கனடாவை யார் ஆளுவது என்று வந்தபோது பஸ்ரியனின் கருத்தும் தேவைப்பட்டது. சங்குமுனை மக்கள் ஒன்றியத்தின் கனடாக் கிளைக்கு யார் பொருளாளர் என்று வந்தபோது அது தேவைப்படவில்லை. அவர் விடுதலையாகி மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ருக்கு வந்த அன்று, கதவுக்குக் கீழே ஒன்றியத்தின் கடிதம் கிடந்தது. யாப்பின் பிரிவு பதினான்கு (அ)-வின்படி அவரது வாக்குரிமை நிறுத்தப்பட்டிருப்பதாகவும், அதன் விளைவாகப் பதினெட்டாம் இலக்கக் குழி அடுத்த பொதுக்கூட்டத்தில் வெற்றிடமாகக் கருதப்படும் என்றும், அவருக்கு இனிய நத்தார், புதுவருட வாழ்த்துகள் என்றும் அதில் எழுதியிருந்தது.

வாக்கைப் பற்றிப் பஸ்ரியனுக்குக் கவலை இல்லை. பொருளாளராக யார் வந்தாலும் கணக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும் என்பது சங்குமுனையார் எல்லோருக்கும் தெரியும். குழிதான் கவலை.

சங்குமுனை என்பது கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கத்தோலிக்க வேதக்கார ஊர். அங்கேயிருந்து ரொறன்ரோவுக்கு வந்த இருநூறு குடும்பமும் உயிரோடு இருக்கும்போது ஒரு மேசையில் இருந்து சாப்பிடாது. ஆனால் செத்த பிறகு ஒரே வரிசையில் கிடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது. பிக்கரிங்கில் இருக்கும் கத்தோலிக்கச் சேமக்காலை ஒன்றில் ஒன்றியம் நாற்பது குழியை மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டது. பதினேழு றோஸ்மேரிக்கு. பதினெட்டு பஸ்ரியனுக்கு. றோஸ்மேரிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், நாலு வருடம் மெசினில் கிடந்து, ஒரு மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள். பெட்டியை இறக்கும்போது பஸ்ரியன் பக்கத்துப் புல்லைக் காலால் தட்டிப் பார்த்தார். நிலம் நல்ல இறுக்கமாக இருந்தது. கூரைக்காரனுக்கு அது போதும்.

பஸ்ரியன் செய்த குற்றத்தையும் சொல்லிவிடவேண்டும். அவர் அடித்தது செல்வரட்ணத்தை. செல்வரட்ணமும் சங்குமுனைதான். கூரைக் கொம்பனி வைத்திருப்பவர், ஒன்றியத்தின் எல்லா விழாவுக்கும் முதல் அனுசரணையாளர். ஒருநாள் இரண்டு மாடி வீடொன்றின் கூரையிலிருந்து கீதன் என்றொரு தொழிலாளி விழுந்தான். மூன்று பிள்ளைக்காரன், அகதி வழக்கு முடியாதவன். அவனுக்குப் பாதுகாப்புப் பட்டி கொடுத்திருக்கவில்லை. பஸ்ரியன் ஏணியால் இறங்கி ஓடி வந்தபோது செல்வரட்ணம் ஏற்கெனவே முழங்காலில் நின்றார். மனுசன் செபம் சொல்கிறார் என்றுதான் பஸ்ரியன் முதலில் நினைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால், முதுகு முறிந்து கிடந்தவனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, அம்புலன்ஸ் வரமுதல், புத்தம் புதுப் பாதுகாப்புப் பட்டி ஒன்றை அவனுக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். பட்டியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

பஸ்ரியன் ஒரு தரம்தான் அடித்தார். செல்வரட்ணத்துக்கு இரண்டு பல்லுப் போனது. கீதனுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போனது. நீதிமன்றம் பல்லை விசாரித்தது.

பஸ்ரியன் தேடிப் போன ஒன்றியத் தலைவர் அலெக்ஸாண்டரின் ஒபிஸ் மார்க்கம் வீதியில், வீடு விற்கும் விளம்பரங்களுக்கு நடுவில் இருந்தது. யாப்பை எழுதியவர் அவர்தான். எழுதினார் என்று சொல்வது அவருக்குப் பிடிக்கும். உண்மையில் புளோரிடாவில் இருக்கும் மச்சானின் சங்கத்து யாப்பை வாங்கி, புளோரிடா என்று வந்த இடங்களில் கனடா என்று போட்டிருந்தார். அங்கே மறியலுக்குப் போனவனுக்கு வாக்கில்லை என்று மாநிலத்திலேயே சட்டம் இருந்த காலத்தில் எழுதிய யாப்பு அது. அதனால் சங்குமுனை ஒன்றியத்திலும் வாக்கில்லாமல் போயிற்று. அதே யாப்பில் சூறாவளி அடித்தால் பொதுக்கூட்டத்தை எப்படி ஒத்திவைப்பது என்று இரண்டு பக்கம் இருந்தது. பிரிவு பன்னிரண்டு முதலையைப் பற்றியது. வருடா வருடம் ஸ்காபரோப் பூங்காவில் கோடை ஒன்றுகூடல் தொடங்கமுதல் செயலாளர் மைக்கைப் பிடித்து, நீர்நிலை பரிசோதிக்கப்பட்டது, முதலை எதுவும் காணப்படவில்லை என்று அறிவிப்பார். எல்லோரும் எழுந்து நின்று கேட்பார்கள். பிறகுதான் கொத்துரொட்டி.

வாக்கைப் பறிப்பதற்கு யாப்பில் ஒரு வரி. திருப்பிக் கொடுப்பதற்குப் பதினொரு பக்கம். ஒன்றியத்தின் காப்பாளரும் முந்தி ஒருதரம் உள்ளே இருந்து வந்தவர், வீட்டுக்கடன் பத்திரங்களில் ஊரார் பலரின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்தவர், அவருடைய வாக்கு மட்டும் எப்படி இருக்கிறது என்று பஸ்ரியன் கேட்டார். அலெக்ஸாண்டர் பொறுமையாகப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். பதினான்கு (ஆ): எழுதுகருவியால் செய்யப்படும் குற்றங்கள் இப்பிரிவில் அடங்கா. காப்பாளர் உள்ளே போன வருடம் சேர்த்த திருத்தம் அது.

நாடே மறியலுக்குள் வந்து தன்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனதையும் பஸ்ரியன் சொல்லிப் பார்த்தார். அலெக்ஸாண்டர் கதிரையில் சாய்ந்தார்.

"கனடா பெரிய நாடு, பஸ்ரியன். நாலு கள்ளன் வோட் போட்டாலும் தாங்கும். நாங்கள் சின்னச் சங்கம். இருநூறு குடும்பத்திலை கூட்டத்துக்கு வாறது அறுபது பேர். அதிலை ஐம்பது பேர் நான் கையை உயர்த்தினால் உயர்த்துவினம். மிச்சப் பத்துப் பேரையும் பழக்கி எடுக்க எனக்குப் பன்னிரண்டு வருசம் போச்சு. அதுக்குள்ளை திடீரெண்டு ஒராளைக் கொண்டுவந்து விடுறதெண்டால் நான் எவ்வளவு யோசிக்கோணும் சொல்லும்."

சொல்லிவிட்டுப் பதினொரு பக்கத்தையும் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார்.

நன்னடத்தை மீளாய்வுக் குழு ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடியது. குழுவில் மூன்று பேர். தலைவர் அலெக்ஸாண்டர். செயலாளர் பேர்ணடெற், வங்கியில் வேலை செய்கிறவள், குறிப்பெடுப்பதில் ஒன்றியத்திலேயே வேகமான கை. மூன்றாவது ஆள் செல்வரட்ணம். வழக்கை முழுதாக அறிந்தவர் என்ற தகுதியில் அவரைப் போட்டிருந்தார்கள்.

மேசைக்கு நடுவில் ஒரு பழைய தைலப் போத்தல் இருந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு மேலே இரண்டு பல். குழுவினர் ஒவ்வொருவராக அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். செல்வரட்ணமும் வாங்கிப் பார்த்தார். அவருடைய வாயில் இப்போது இருந்தது அதைவிட வெள்ளையானது. கடைசியாகப் போத்தல் பஸ்ரியனிடம் வந்தது. அரை நிமிடம் பார்க்கவேண்டும் என்று விதி. பேர்ணடெற் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்விகள் அச்சடித்த தாளில் இருந்தன. எந்தக் கையால் அடித்தீர்கள்? வலது. அந்தக் கையால் இப்போது என்ன செய்கிறீர்கள்? சாப்பிடுகிறேன். அடிக்கும்போது உங்கள் கால் எந்த உயரத்தில் இருந்தது? நிலத்தில். பேர்ணடெற் எல்லாவற்றையும் எழுதினாள்.

"ஒண்டிலையிருந்து பத்து வரைக்கும் சொல்லுங்கோ அண்ணை," என்றாள். "நடந்ததைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு கவலை?"

"எதைப் பற்றி? பல்லையோ, கீதனையோ?"

பேர்ணடெற் தலைவரைப் பார்த்தாள். அலெக்ஸாண்டர் தாளைப் பார்த்தார்.

"பல்லை," என்றார் அலெக்ஸாண்டர். "கீதன் எங்கட ஊர் இல்லை."

பஸ்ரியன் கொஞ்சம் யோசித்து, ஏழு என்றார். குழு அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் விவாதித்தது. திரும்பக் கூப்பிட்டு, எட்டுக்குக் குறைந்த கவலையை ஏற்றுக்கொள்ள யாப்பில் இடமில்லை என்று அறிவித்தது. பஸ்ரியன் எட்டு என்றார். ஏழிலிருந்து எட்டுக்கு எப்படி வந்தீர்கள், வெளியே இருந்தபோது மனதில் என்ன மாற்றம் நடந்தது என்று செல்வரட்ணம் கேட்டார். வெளியே குளிராக இருந்தது என்றார் பஸ்ரியன். அதுவும் குறிப்பில் ஏறியது.

முடிவு இதுதான். பஸ்ரியன் ஒரு வருடம் நோக்குநராக இருக்கவேண்டும். ஒன்றியத்தின் எல்லா நிகழ்ச்சிக்கும் வரவேண்டும், மஞ்சள் அட்டை குத்தியிருக்கவேண்டும், எதைப் பற்றியும் கருத்துத் தெரிவிக்கக்கூடாது. வருட முடிவில் பாதிக்கப்பட்டவரிடமிருந்து திருப்திக் கடிதம் ஒன்று கொண்டுவந்தால் பொதுக்கூட்டம் அவருடைய வாக்கை மீளளிக்கும். அதே பொதுக்கூட்டத்தில்தான் வெற்றிடக் குழிகளும் பங்கிடப்படும். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று அலெக்ஸாண்டர் அவருடைய தோளில் தட்டினார்.

பஸ்ரியன் எல்லாவற்றுக்கும் போனார். பங்குனியில் பெரிய நோன்புக் கஞ்சி. ஆனியில் கரப்பந்தாட்டம். ஆடியில் முதலை இல்லை என்ற அறிவிப்பு. மஞ்சள் அட்டைக்காரரின் மேசை எப்போதும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. பொதுவாக அவரைப் பெரிய சமையல் கிடாரம் கழுவக் கூப்பிடுவார்கள். அதை ஒரு தண்டனையாக அவர் நினைக்கவில்லை. சும்மா இருப்பதைவிடக் கிடாரம் கழுவுவது நல்லது. தெரிந்தவர்கள் சிலர் வந்து, மற்றவர்கள் பார்க்காதபோது, எப்படி இருக்கிறியள் என்று கேட்டார்கள். கருத்துத் தெரிவிக்கக்கூடாது என்பதால் பஸ்ரியன் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்கழியில், நத்தார் விழாவில்தான் சிக்கல் வந்தது. ஸ்டெபனி அந்த வருடம் தாதிப் படிப்பை முடித்திருந்தாள். பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு ஒன்றியம் மேடையில் பதக்கம் போடும். அவளுடைய பெயரைக் கூப்பிட முதல், பேர்ணடெற் சமையலறைப் பக்கம் வந்து, பஸ்ரியனின் காதுக்குள் மெதுவாகச் சொன்னாள். கைதட்டுவதும் கருத்துத் தெரிவித்தல்தான். குழு தீர்மானித்திருக்கிறது. தட்டினால் வருடம் திரும்பவும் முதலாம் நாளிலிருந்து தொடங்கும். சொல்லும்போது அவளுக்கும் முகம் சரியில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு, தட்டுகிறாரா என்று பார்க்கச் சுவரோடு நின்றாள்.

ஸ்டெபனி மேடையில் ஏறினாள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. செல்வரட்ணம் எழும்பி நின்று தட்டினார். பஸ்ரியன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதற்கு மேலே தன் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு இருந்தார். மேடையில் நின்ற பிள்ளையின் கண் மேசை மேசையாகத் தேடிக்கொண்டு வந்து, சமையலறைக் கதவடியில் நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டெபனிதான் காரை ஓட்டினாள். லோரன்ஸ் சந்தியில் சிவப்பு விழுந்தபோது சொன்னாள்.

"ஐ லுக்ட் அற் யூ, அப்பா. எல்லாரும் தட்டிச்சினம். நீங்கள் சும்மா இருந்தீங்கள்."

"தட்டினால் ஒரு வருசம் போயிடும் பிள்ளை."

"ஸோ வட்? வேற இடத்திலை ஒரு ப்ளொட் வாங்குவம். கனடா முழுக்க நிலம்தானே."

"கனடா முழுக்க நிலம்தான். கொம்மா ஒரு இடத்திலைதான் கிடக்கிறா."

சிவப்பு பச்சையாகியும் அவள் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

திருப்திக் கடிதம் மட்டும் மிச்சமாக இருந்தது. அதற்கு முதலே, ஆவணி மாதம் ஒருநாள் செல்வரட்ணம் பஸ்ரியனைத் தன்னுடைய புது வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பிக்கரிங்கில் ஏரியை நோக்கிக் கட்டிய பெரிய வீடு. இரண்டு பேரும் முற்றத்தில் நின்று மேலே பார்த்தார்கள்.

"எனக்கு மனசிலை இன்னும் ஆறுதல் வரேல்லை," என்றார் செல்வரட்ணம். "கூரையும் ஒழுகுது. ரண்டும் ஒரே நேரத்திலை வந்தபடியால் எது எதாலை எண்டு பிடிபடேல்லை. கூரையைத் திருத்திப் பாத்தால் தெரியும்."

கூரைக் கொம்பனிக்காரனின் வீட்டுக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று பஸ்ரியன் கேட்கவில்லை. அது கருத்து. அவருக்கு அறுபத்து மூன்று வயது. கூரைக்கு அடிக்கும் ஷிங்கிள்ஸ் ஓட்டுக் கட்டு ஒன்று எண்பது இறாத்தல். ஏணியில் ஒரு தோளில் கட்டையும் மற்றக் கையில் ஏணியையும் பிடித்துக்கொண்டு நாற்பது தரம் ஏறவேண்டும். பழைய ஓட்டை உரிக்கவேண்டும், கீழே உள்ள பலகையைப் பார்க்கவேண்டும், தார்த் தாள் விரிக்கவேண்டும், அடியிலிருந்து வரிசை வரிசையாக ஆணி அடித்துக்கொண்டு மேலே போகவேண்டும். ஆவணி வெயிலில் கறுப்புக் கூரை தோசைக்கல். முழங்கால் வெந்து, தோல் காற்சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். இதை நாலு பேர் மூன்று நாளில் செய்வார்கள். பஸ்ரியன் தனியாகப் பதினொரு நாள் செய்தார்.

முதல் நாளே பாதுகாப்புப் பட்டி ஒன்று கேட்டுப் பார்த்தார். செல்வரட்ணத்தின் முகம் வாடிவிட்டது.

"அந்தப் பட்டியைக் கண்டால் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும், பஸ்ரியன். டொக்டர் சொல்லியிருக்கிறார், மனதைப் பாதிக்கிற சாமான் ஒண்டும் கண்ணிலை படக்கூடாதெண்டு."

பட்டி இல்லாமல் ஏறினார். செல்வரட்ணம் கீழே குடை நட்டு, கதிரை போட்டு, பழச்சாறு குடித்துக்கொண்டு இருந்தார். மனம் வருந்துவது முகத்தில் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக இருப்பதாகச் சொன்னார். ஆறாம் நாள் ஒரு வரிசை அரை அங்குலம் சரிந்திருக்கிறது என்று உரிக்கச் சொன்னார். பஸ்ரியன் உரித்தார். வரிசை நேராகத்தான் இருந்தது. திரும்பவும் அதே இடத்தில் அடித்தார். இப்போது பரவாயில்லை என்றார் செல்வரட்ணம்.

பதினோராம் நாள் பஸ்ரியன் முகட்டு ஓட்டையும் அடித்து முடித்து இறங்கினார். கடிதம் கேட்டார். மழை ஒன்று பெய்து பார்க்கட்டும் என்றார் செல்வரட்ணம். அந்த வருடம் இலையுதிர்காலம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. பிறகு விழுந்தது பனி. பனியை மழையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று குழு கருதியது. கடைசியில் தை மாதம், ஆருக்கும் தேவையில்லாத ஒரு மழை பெய்தது. கூரை ஒழுகவில்லை. கடிதம் வந்தது. "பல்லைப் பொறுத்தளவில் எனக்குத் திருப்தி. ஏனையவை ஆண்டவரின் பொறுப்பு."

பொதுக்கூட்டம் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்த கையோடு, ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் நடந்தது. வாக்குள்ளவர்கள் அறுபது பேர் வந்திருந்தார்கள். பஸ்ரியன் கலியாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். குடும்பத்துக்கு ஒரே வாக்கு என்பதால் தனக்கு வாக்கில்லாத ஸ்டெபனியும் பக்கத்தில் வந்து இருந்தாள். நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கிப் பார்த்தவர் இரண்டு தரம் வாசித்தார். ஆறாவது, வெற்றிடக் குழிகள் பங்கிடல். ஏழாவது, வாக்குரிமை மீளளித்தல்.

அவர் மேடைக்குப் போய், ஆறையும் ஏழையும் மாற்றி வைக்கலாமா என்று தாழ்மையாகக் கேட்டார். முதலில் வாக்கைத் தந்தால் குழி வெற்றிடமாக இராது. வேறொன்றும் வேண்டாம். அலெக்ஸாண்டர் அந்த யோசனையை மிகவும் பாராட்டினார். நிகழ்ச்சி நிரலை மாற்றப் பிரேரணை வேண்டும், பிரேரணை கொண்டுவருகிறவருக்கு வாக்குரிமை வேண்டும், உமக்கு அது ஏழாவதில்தான் வருகிறது என்று விளக்கினார். வாக்குள்ள ஒருவர் கேட்டால் மாற்றலாம் என்றும் சொன்னார். பஸ்ரியன் திரும்பிச் சபையைப் பார்த்தார். சங்குமுனையின் வாக்குகள் அறுபதும் நிகழ்ச்சி நிரலைக் குனிந்து வாசித்தன. பேர்ணடெற்றின் பேனை மட்டும் ஒரு கணம் தாளை விட்டு எழும்பியது. செல்வரட்ணம் செருமினார். பேனை திரும்பவும் தாளில் இறங்கியது.

ஆறாவது வந்தது. பதினெட்டாம் இலக்கத்துக்கு விண்ணப்பித்திருந்தவர் செல்வரட்ணம். அவருக்கும் மனைவிக்கும் பத்தொன்பதும் இருபதும் ஏற்கெனவே இருந்தன. பதினெட்டு ஆருக்கு என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். செல்வரட்ணம் எழும்பி, மைக்கைக் கையில் வாங்கினார்.

"எங்கட கல்லறைக்கு ஒரு தேவதூதர் சிலை, சம்மனசு, வைக்கிறம். இத்தாலியிலை செய்யுது. எட்டடி. அது செட்டையை விரிச்சுக்கொண்டு நிக்கும். ஒரு பக்கத்துச் செட்டை பதினெட்டுக்கு மேலை வருது. மடிச்சு வைக்கலாமோ எண்டு கேட்டனான். மடிச்சால் சம்மனசு மாதிரி இராதாம், கோழி மாதிரி இருக்குமாம்."

சபை அதை விளங்கிக்கொண்டது. பஸ்ரியன் எழும்பினார். நோக்குநர் பேசக்கூடாது என்பதை அவர் மறந்துபோனார், அல்லது மறக்கவில்லை.

"சம்மனசுக்கு வாக்கு இருக்கோ?"

அலெக்ஸாண்டர் யாப்பைப் புரட்டக்கூட இல்லை. "சம்மனசு மறியலுக்குப் போகேல்லை, பஸ்ரியன்," என்றார்.

பதினெட்டு போயிற்று. ஏழாவது வந்தது. அலெக்ஸாண்டர் அரை மணித்தியாலம் பேசினார். மன்னிப்பு என்பது சங்குமுனையாரின் இரத்தத்தில் ஊறியது என்றார். ஒருவனைத் தள்ளிவைப்பது சுலபம், அவனைத் தள்ளிவைத்தபடியே அணைத்துக்கொள்வதுதான் கஷ்டம், அதை இந்த நிருவாகம் செய்து காட்டியிருக்கிறது என்றார். பொன் விளிம்பு போட்ட பத்திரம் ஒன்றைச் சட்டகத்தோடு செல்வரட்ணத்தின் கையால் கொடுக்க வைத்தார். பேர்ணடெற் பஸ்ரியனின் கோட்டிலிருந்து மஞ்சள் அட்டையைக் கழற்றினாள். ஊசி போன இடத்தில் கோட்டுத் துணி கிழிந்திருந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இனித் தட்டலாம் என்று அலெக்ஸாண்டர் அவருக்கு ஞாபகப்படுத்தினார். பஸ்ரியனின் கையில் சட்டகம் இருந்ததால் தட்ட முடியவில்லை.

ஒஷாவாவில் புதிதாக ஐம்பது குழி பார்த்து வைத்திருக்கிறோம், வாக்கு வந்துவிட்டதால் முதல் இலக்கம் உமக்குத்தான் என்று தலைவர் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். பிக்கரிங்கிலிருந்து அரை மணித்தியால ஓட்டம்.

"அப்ப றோஸ்மேரியை எடுத்து அங்கை கொண்டுபோகலாமோ?"

"அதுக்கு அவவல்லோ விண்ணப்பிக்கோணும். செத்த ஆக்களுக்கு எங்கை வாக்கு?"

எட்டாவது, நிறைவுத் தீர்மானம். அன்றைக்கு எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக உறுதிப்படுத்துவது. ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து அது ஏகமனதாகவே நிறைவேறி வருகிறது. ஆதரவானவர்கள் என்றார் அலெக்ஸாண்டர். கைகள் உயர்ந்தன, இறங்கின. எதிரானவர்கள் என்று வழக்கம்போலக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளை எடுத்தார். பேர்ணடெற் அவருடைய கையைத் தொட்டாள்.

பஸ்ரியன் சட்டகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, நின்றபடி வலக்கையை உயர்த்தியிருந்தார். அடித்த அதே கை.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஸ்டெபனிக்கு வாக்கில்லை, அவள் தகப்பனின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். அலெக்ஸாண்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சபைக்குப் பொறுமையாக விளக்கினார்.

"கவனமாக் கேளுங்கோ. இந்தக் கட்டுக்குள்ளை பஸ்ரியன்ர வாக்குரிமையும் கிடக்கு. கட்டுக்கு எதிரா அவர் கை உயர்த்துறார் எண்டால், தனக்கு வாக்குரிமை வேண்டாமெண்டு சொல்லுறார். வேண்டாமெண்டால் அவருக்கு வாக்கில்லை. வாக்கில்லாத ஆளின்ர கை கணக்கிலை வராது. ஆகவே எதிர் ஒருத்தரும் இல்லை. தீர்மானம் நிறைவேறிட்டுது. தீர்மானம் நிறைவேறினபடியால் அவருக்கு வாக்கு வந்திட்டுது. வாழ்த்துகள், பஸ்ரியன்."

பேர்ணடெற் எழுதிக்கொண்டு வந்தவள் நடுவில் பேனையை நிறுத்தினாள். எதை எழுதுவது என்று கேட்டாள். ஏகமனதாக என்று எழுதும் பிள்ளை என்றார் அலெக்ஸாண்டர். அவள் எழுதினாள். சபை நிம்மதியாகக் கைதட்டியது. சமையலறைப் பக்கத்திலிருந்து ஆட்டிறைச்சிப் பிரியாணியின் மணம் வந்தது. கதிரைகள் நகர்ந்தன.

பஸ்ரியனின் கை இன்னும் மேலேதான் நின்றது. இறக்கினால் அது முடிந்துபோகும் என்று அவருக்குப் பட்டது. செல்வரட்ணம் அவரைக் கடந்து சாப்பாட்டு வரிசைக்குப் போகும்போது, காணும், கையை இறக்கும், எல்லாரும் பாத்திட்டினம் என்று அன்பாகச் சொன்னார். ஸ்டெபனி, அப்பா, லெட்ஸ் கோ, ப்ளீஸ் என்றாள். அவர் அசையவில்லை.

ஆண்டு மலருக்குப் படம் எடுக்க வந்தவர் அப்போதுதான் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முக்கியமான கட்டத்தை விட்டுவிட்டேன், அண்ணை, கையை அப்படியே வைத்திருங்கோ, இன்னும் கொஞ்சம் மேலே, ஆ, அப்படித்தான் என்றார்.

படம் மலரில் முழுப் பக்கத்துக்கு வந்தது. மண்டபம் நிறைய முதுகுகள், நடுவில் ஒரே ஒரு கை. கீழே தடித்த எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: "வாக்குரிமை மீளப்பெற்ற திரு. பஸ்ரியன், தீர்மானங்களை ஏகமனதாக நிறைவேற்றுகிறார்."